பிற சமயங்கள், வாரம் இரண்டு மணி நேரம்

சேசு மரி சூசை

கீழவைப்பார்
7-1-1974

அன்புள்ள மொகுதூமுக்கு பாஸ்கல் எழுதுவது.

தூத்துக்குடியில் நம் பயிற்சி நிலையத்தில் இஸ்லாம் பற்றி வகுப்பெடுக்க நீ சம்மதித்துவிட்டாய் என்று இயக்குநர் ராஜதுரை சாமி எழுதியிருந்தார். மிக்க மகிழ்ச்சி. நீ மறுத்துவிடுவாய் என்ற முழு நம்பிக்கையில்தான் உன் பெயரைச் சொன்னேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாம் சேர்ந்து படித்த நாளிலிருந்தே, யார் மேடைக்குக் கூப்பிட்டாலும் உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இந்தத் தடவையும் கட்டிக்கொள்ளும், சாமிக்கு வேறு முஸ்லிம் யாரையும் தெரியாது, ஆகவே நான் திரும்பும்வரை வகுப்பு காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். உன் தொண்டை இவ்வளவு குணமாகியிருப்பதை நீ எனக்குத் தெரிவித்திருக்கலாம்.

இங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வள்ளத்திலிருந்து இறங்கும்போது கால் முறிந்து படுத்திருக்கிறார். மே மாதம்வரை அவருடைய நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மறைமாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஹில்டா தூத்துக்குடியில் வீட்டிலேயே இருக்கிறாள்; மேவரை எனக்கு மனைவி தபாலில்தான்.

பயிற்சிக்கு வந்திருக்கும் பதினாறு பேரும் உபதேசியார் ஆகப்போகிறவர்கள். நாளைக்குக் கிராமங்களில் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டு, அண்டை வீட்டு முஸ்லிமோடும் இந்துவோடும் சேர்ந்து வாழ வேண்டியவர்கள். அதற்காகத்தான் வாரம் இரண்டு மணி நேரம் 'பிற சமயங்கள்' வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக அதை நான் நடத்துகிறேன். துருக்கியில் வெகுகாலம் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் புத்தகத்திலிருந்து நான் எடுத்த குறிப்புகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ சிரமப்பட வேண்டாம். வரிசையாக வாசித்தால் போதும். இடையில் கேள்வி கேட்டால், பாஸ்கல் சார் வந்து சொல்வார் என்று சொல்.

வகுப்பு யாருக்கு என்பதை ஜூனில் நிரந்தரமாகத் தீர்மானிக்கப்போகிறார்கள். அது எனக்குத் திரும்ப வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லவில்லை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் வழக்கம்போல நான்தான்.

அன்புடன்,
பாஸ்கல் மச்சாது

---

786

காயல்பட்டினம்
19-1-74

அன்பு பாஸ்கலுக்கு,

உன் குறிப்புகள் வந்து சேர்ந்தன. முதல் வகுப்பில் அப்படியே வாசித்தேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாத பல செய்திகள் அதில் இருந்தன. நான் தொழும்போது கையை எங்கே கட்டுகிறேன், எத்தனை முறை உயர்த்துகிறேன், எந்த வார்த்தையை மெதுவாகச் சொல்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். ஐம்பது வருஷமாக நான் செய்துவருவது அதோடு ஒத்துவரவில்லை. நான் கொழும்பில் கல் வியாபாரம் பண்ணியவன். கல்லைப் பார்க்காமலே அதன் நிறம், எடை, குறை எல்லாம் எழுதித் தருகிற தரகர்களை அங்கேயும் கண்டிருக்கிறேன். அவர்கள் எழுத்து அழகாக இருக்கும்.

மசூதி வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி உங்கள் கோயில் வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டிக்குச் சமம் என்று நீ எழுதியிருந்ததையும் வாசித்துவிட்டேன். வாசித்து முடித்த பிறகுதான் எங்கேயோ இடிக்கிறதே என்று பட்டது. அதற்குள் பதினாறு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் உன் குறிப்புகளைக் கொண்டுபோகவில்லை. வேண்டுமென்றே இல்லை, மறந்துவிட்டேன். வெறுங்கையோடு நின்றேன். பயம்தான். அப்போது கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். புன்னைக்காயல் ஜேசுதாசன், சங்கு குளிக்கிறவர் மகன். "சார், நீங்க குனியுதீங்க, நிமிருதீங்க, அதெல்லாம் பாஸ்கல் சாரு சொல்லிட்டாவ. உள்ளுக்குள்ள என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டான்.

இந்த ஊரில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் ஓதுகிற, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவை ஓதினேன். பிறகு தமிழில் பொருள் சொன்னேன். எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கு என்று தொடங்கி, உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி கேட்கிறோம், எங்களை நேரான வழியில் நடத்து என்பதுவரை. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு ஜேசுதாசன் பக்கத்தில் இருந்தவனிடம், "இது நம்ம பரலோக மந்திரம் மாதிரில்லா இருக்கு" என்றான், நீங்கள் தினம் சொல்கிற 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே'யை நினைத்து. மாதிரி இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் பேசிப் பேசியே மணி அடித்துவிட்டது.

வகுப்பு உன்னுடையதுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவே.

மொகுதூம்

---

சேசு மரி சூசை

கீழவைப்பார்
27-1-1974

அன்புள்ள மொகுதூமுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே ஹில்டாவின் கடிதமும், வேம்பாரிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரியும், இங்கே மீன் எடுக்க வந்த லாரி டிரைவரும் உன் வகுப்பைப் பற்றி எனக்குச் சொல்லிவிட்டார்கள். லாரி டிரைவருக்கு இதில் என்ன அக்கறை என்று தெரியவில்லை. அவன் மைத்துனன் அந்த வகுப்பில் படிக்கிறானாம்.

வகுப்பு முடிந்து மாணவர்கள் உன்னைப் பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விடுகிறார்கள் என்று ஹில்டா எழுதியிருக்கிறாள். ஒன்பது வருஷத்தில் என்னை வாசல்வரைகூட யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வழி தெரியும். போகிற வழியில் நம் வீட்டில் உனக்கு இரண்டு தடவை தேநீர் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறாள். நான் வீட்டில் இருந்தால் ஒரு தடவைதான்.

ஜேசுதாசன் ஜூனிலிருந்து டிசம்பர்வரை என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவனுக்குப் பேச வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

நிற்க. உன் மேல் உள்ள அன்பினால் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. தொழுகையில் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் கை உயர்த்தப்படும். கை தொப்புளுக்குக் கீழே கட்டப்படும். புத்தகத்தில் படமே இருக்கிறது. நீ குனியும்போதும் நிமிரும்போதும் உயர்த்துகிறாய் என்றால், கொழும்பில் வியாபார அவசரத்தில் பழகிய பழக்கமாக இருக்கலாம். தனியே நீ எப்படியும் தொழுதுகொள். அதை மாணவர்களுக்கு இஸ்லாம் என்று சொல்லிக்கொடுப்பது சரியா என்று யோசித்துப் பார். அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது.

அன்புடன்,
பாஸ்கல்

---

786

காயல்பட்டினம்
26-2-74

அன்பு பாஸ்கலுக்கு,

உன் கடிதத்தை மார்க்கக் கல்வி படித்த எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தச் சார் சொல்றதும் சரிதான், ஆனா துருக்கிக்குச் சரி" என்றார். எங்களுக்குள் நான்கு மத்ஹபுகள் உண்டு. நான்கும் சட்டத்தை விளங்கிக்கொள்கிற நான்கு வழிகள். உன் பாதிரியார் பார்த்தவர்கள் ஹனஃபிகள். அவர்கள் தொடக்கத்தில் ஒரு முறைதான் கையை உயர்த்துவார்கள். நாங்கள் ஷாஃபி. குனியும்போதும் நிமிரும்போதும் உயர்த்துவோம், கையைத் தொப்புளுக்கு மேலே கட்டுவோம். இந்தக் கரையில் அப்படித்தான், எத்தனையோ நூறு வருஷமாக. கொழும்பு அவசரம் இல்லை.

நான் ஆலிம் இல்லை என்பதால் என் வகுப்பில் ஊருக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு என்பதை உன் ஆறுதலுக்காகத் தெரிவிக்கிறேன். கல் விற்றவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை ராஜதுரை சாமி மாணவர்களை இங்கே பள்ளிவாசலுக்கு அழைத்துவந்தார். லுஹர் என்கிற நண்பகல் தொழுகையை ஓரமாக நின்று பார்ப்பதற்கு அனுமதி வாங்கியிருந்தேன். செருப்பைக் கழற்றினார்கள், தலையில் கைக்குட்டை கட்டினார்கள், எல்லாம் ஒழுங்கு. தொழுகைக்கு முன் நாங்கள் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்கிற ஹவுளு, அதாவது பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டி, உள்ளே நுழைந்ததும் இருக்கிறது. முன்னால் போன பையன் அதில் விரலை நனைத்து, நெற்றியில் தொடங்கிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். பின்னால் வந்த பதினைந்து பேரும் வரிசையாக அப்படியே செய்தார்கள். நானும் சாமியும் பேசிக்கொண்டே பின்னால் வந்தோம். பார்த்தபோது காரியம் முடிந்திருந்தது.

சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு என்ன நிறமாக இருந்தது என்று தெரியாது. தொட்டிக்குப் பக்கத்தில் பாங்கு சொல்கிற மோதினார் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வயசான மனிதர். அவர் எழுந்து வந்து, "தம்பிமாருவோ மொகத்துக்கு மட்டும் ஒளு எடுக்காஹ. கிறிஸ்தியானி மார்க்கத்துல தண்ணி செலவு கம்மி போல" என்றார். அதற்குப் பிறகு கோபப்படுவதற்கு யாருக்கும் இடம் இல்லாமல் போயிற்று. பையன்களைத் திட்ட முடியாது. குறிப்பில் அப்படித்தான் இருந்தது, வாசித்தவனும் நான்தான்.

தொழுகை முடிந்து வீட்டில் சாப்பாடு. எங்கள் விருந்து நாள் களரிச் சாப்பாட்டு முறையையும் பார்க்கட்டும் என்று ஸஹனில் வைத்தோம். உனக்குத் தெரியும், அகலமான ஒரே தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது. ஒரு ஸஹனுக்கு நாலு பேர். நான் ஜேசுதாசனோடு உட்கார்ந்தேன். கறித்துண்டை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தான். நான் திரும்பத் தள்ளினேன். கடைசியில் அது சாமிக்குப் போய்ச் சேர்ந்தது.

மொகுதூம்

---

(அஞ்சலட்டை)

கீழவைப்பார்
2-3-1974

மதிப்பிற்குரிய திரு மொகுதூம் அவர்களுக்கு,

தங்கள் 26ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் வருத்தம் தெரிவித்து ராஜதுரை சாமிக்கு எழுதிவிட்டேன்.

தங்கள் இல்லத்திற்கு நான் இருபத்தாறு வருஷமாக வந்துபோகிறேன். ஒரு தடவைகூட எனக்கு ஸஹன் வைத்ததில்லை. பூப்போட்ட பீங்கான் தட்டில் தனியாகத்தான் வைப்பீர்கள். தாங்களும் பிள்ளைகளும் ஒரு தட்டில் சாப்பிடுவீர்கள், நான் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். கிறிஸ்தவனுக்கு இது முறை போலிருக்கிறது என்று எண்ணி, ஒன்பது வருஷமாக மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிவந்தேன். வகுப்புக்கு வந்து ஏழு வாரமான பையனுக்கு அந்த முறை இல்லை என்று இப்போது அறிகிறேன்.

கவரில் எழுத வேண்டியதை அட்டையில் எழுதியதற்கு மன்னிக்கவும். தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பா. மச்சாது

---

786

காயல்பட்டினம்
9-3-74

பாஸ்கல்,

தபால்காரர் படித்தார். என் மச்சானுக்கும் படித்துக் காட்டினார். மச்சான் உள்ளே போய்ச் சொன்னார். ஆகவே இந்தப் பதில் எங்கள் குடும்பத்தின் பதில் என்று வைத்துக்கொள்.

நான் இருப்பது மனைவி வீடு. எங்கள் ஊரில் மாப்பிள்ளைமார் எல்லாரும் அப்படித்தான். இந்த வீட்டில் யாருக்கு எந்தத் தட்டு என்பதை நான் தீர்மானிப்பதில்லை. அந்தப் பீங்கான் தட்டு எப்படி வந்தது என்று நீயாகக் கேட்பாய் என்று இத்தனை வருஷம் இருந்தேன்.

நாற்பத்தெட்டில் என் கலியாணத்துக்கு வந்திருந்தாய். ஸஹனில் மூன்று பேரோடு உட்காரவைத்தார்கள். நீ தட்டைப் பார்த்தாய். பக்கத்தில் நீண்ட கைகளைப் பார்த்தாய். டாக்டர் கறி சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று எழுந்துவிட்டாய். அன்று காலையில் பஸ் நிலையத்தில் மூன்று புரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தவன் நீ. பெண் வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவன் கை பட்ட சோறு உனக்கு அருவருப்பு என்று எங்களுக்குப் புரிந்தது. அது தப்பு இல்லை, அவரவர் பழக்கம். என் மாமியார் கொழும்புக்குச் சொல்லியனுப்பி அந்தத் தட்டை வாங்கினார். வீட்டில் அதற்குப் பாஸ்கல் தட்டு என்று பெயர். பேரப்பிள்ளைகள் தொட்டால் அடி விழும். அதில் வேறு யாரும் சாப்பிட்டதில்லை.

இது அவமானம் என்றால், நாங்கள் இருபத்தாறு வருஷமாக உன்னை மிகுந்த செலவில் அவமானப்படுத்தியிருக்கிறோம்.

இந்த மாதக் கடைசியில் பரீட்சை. கேள்வித்தாளை நீதான் எடுக்கிறாய். என்மேல் என்ன இருந்தாலும் சரி, பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான்.

மொகுதூம்

---

சேசு மரி சூசை

கீழவைப்பார்
3-4-1974

மொகுதூமுக்கு,

இது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். மாமிசம், சினிமா, வீண்பேச்சு மூன்றையும் விட்டிருக்கிறேன். ஆகவே தட்டைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

விடைத்தாள்களைத் திருத்திவிட்டேன். பதினாறு பேரும் தேறவில்லை.

காரணம் கேட்பாய். மூன்றாம் கேள்வி, தொழுகையில் கை எத்தனை முறை உயர்த்தப்படும். ஒருவனாவது ஒரு முறை என்று எழுதவில்லை. நான்காம் கேள்வி, கை எங்கே கட்டப்படும். அதுவும் தப்பு. ஆறாம் கேள்வி, மசூதி வாசலில் உள்ள தொட்டியின் உட்பொருள். பாவம் கழுவப்படுவதன் அடையாளம் என்று எதிர்பார்த்தேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று உடம்பை முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவன், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மோதினார் சொன்னதாக வேறு எழுதியிருக்கிறான். மோதினார் பாடத்திட்டத்தில் இல்லை.

ஜேசுதாசன் முதல் கேள்விக்கே நாலு பக்கம் எழுதியிருக்கிறான். ஃபாத்திஹாவின் பொருளை வரி வரியாக எழுதி, இதைக் கேட்டபோது என்ன தோன்றியது என்று தன் மனசையும் எழுதியிருக்கிறான். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைப் பற்றியது. இருபத்தெட்டு கொடுத்தேன்.

மதிப்பெண் பட்டியலை ஈஸ்டர் கழிந்து ராஜதுரை சாமிக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்தால், இந்த வகுப்பை யார் எடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

பாஸ்கல்

---

786

காயல்பட்டினம்
9-4-74

பாஸ்கல்,

தேறாவிட்டால் அந்தப் பையன்களுக்கு உபதேசியார் வேலை கிடைக்காது. ஜேசுதாசனுக்கு ஆற்றுப்பக்கம் ஒரு ஊரில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். அவன் அப்பாவுக்குக் காதில் ரத்தம் வந்து இனிமேல் சங்கு குளிக்கப்போக முடியாது. மகன் சம்பளக்காரனாகிவிட்டான் என்று வள்ளத்தில் இருந்த பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியாது. அவன் உன்னிடம் பேசியதில்லையே.

என்மேல் இருக்கிற பொறாமையை என்மேல் எழுது. அதைப் படிக்க எனக்குப் பழகிவிட்டது, சில நாள் தபால்காரரை எதிர்பார்த்துக்கூட இருக்கிறேன். சிவப்பு மையில் பையன்கள்மேல் எழுதாதே.

வகுப்பு உனக்கு வேண்டும், அவ்வளவுதானே. எடுத்துக்கொள். ஜூனில் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று ராஜதுரை சாமிக்கு எழுதிவிடுகிறேன். நீ அவர்களைத் தேற்றிவிடு.

மொகுதூம்

---

சேசு மரி சூசை

கீழவைப்பார்
21-4-1974

அன்புள்ள மொகுதூமுக்கு,

ஈஸ்டர் விடுமுறையில் தூத்துக்குடி வந்திருந்தேன். உன் கடிதத்தை ஹில்டாவுக்குக் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். முந்திய மூன்று நாளே மேல்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலின் பக்கவாசலுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்றேன். உள்ளே இடம் இல்லாமல் முற்றம்வரை வரிசை நின்றிருந்தது. தொடக்கத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. சரி என்று குறித்துக்கொண்டேன். குனியும்போது எல்லாக் கையும் உயர்ந்தது. நிமிரும்போதும் உயர்ந்தது. கிழவர்கள், கடைக்காரர்கள், லீவில் வந்த துபாய்க்காரர்கள், அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பிள்ளைகள் எல்லாரும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்கள் என்று சைக்கிள் கடையில் நின்றுகொண்டு சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் வரிசையில் நீ நின்றாய். மற்றவர்கள் கையை உயர்த்திய பிறகுதான் நீ உயர்த்தினாய். இதை நட்பின் காரணமாகச் சொல்கிறேன்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும், தொட்டிக்கு மேற்பார்வை பார்க்கிற அந்த மோதினார் வெளியே வந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை, அந்தப் பையன்களின் பழைய வாத்தியார் நான், கை எத்தனை முறை உயர்கிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு அது விநோதமாகவே படவில்லை. பையன்கள் அன்றைக்கு நெற்றியில் செய்தது என்ன என்று பதிலுக்குக் கேட்டார். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு எங்கோ கறி வேகிற வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை. அப்போதுதான் தட்டு விஷயம் முழுதும் எனக்கு விளங்கியது. மொகுதூம், உன் கலியாணமும் வெள்ளிக்கிழமைதான். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவது எங்களுக்குப் பாவம். உலகத்து ஆயர்கள் எல்லாரும் கூடிய சங்கத்துக்குப் பிறகுதான் ரோமில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கலியாண வீட்டில், எங்கள் மார்க்கத்தில் இன்றைக்கு இது கூடாது என்று சொன்னால் பெண் வீட்டார் மனம் நோகுமே என்று டாக்டர்மேல் போட்டேன். காலையில் நான் சாப்பிட்டது புரோட்டாவும் சால்னாவும். சால்னாவில் துண்டு இல்லை. கைகளை நான் பார்க்கவே இல்லை. கறியைத்தான் பார்த்தேன், மிகவும் ஆசையோடு. கல்லூரிக்கு முன்பே நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாமியார்களிடம் பத்து வருஷம் படித்தவன் நீ. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி இல்லை என்பது உனக்குத் தெரியாமல் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விடைத்தாள்களை மறுபடியும் திருத்தினேன். பதினாறு பேரும் தேறிவிட்டார்கள். ஜேசுதாசனுக்கு எழுபத்தொன்று. அதற்கு மேல் போட மனம் வரவில்லை, அவன் இன்னும் ஐந்து கடமைகளை எழுதவில்லை.

வகுப்பை நீ எனக்குக் கொடுக்க வேண்டாம். அது உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்று தெரிந்துகொண்டே வாரம் இரண்டு மணி நேரம் அங்கே போய் நிற்க என்னால் முடியாது. இஸ்லாத்தை மொகுதூமே நடத்தட்டும் என்று நானே ராஜதுரை சாமிக்கு எழுதிவிட்டேன். பெருந்தன்மை என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது.

என்றும் அன்புள்ள,
பாஸ்கல்

---

786

காயல்பட்டினம்
18-5-74

அன்பு பாஸ்கலுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு வாரமாகிவிட்டது. முதல் இரண்டு வாரம் வெட்கம். வெள்ளிக்கிழமை விஷயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து வந்து, "மனுசன் பசியோட எழும்பிப் போனாஹளே" என்றாள். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பசிக்காக இந்த வீட்டில் ஒரு நாள் சமையல் தாமதமாயிற்று.

அடுத்த இரண்டு வாரம் வெட்கம் இல்லை. அது வேறு. அதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் நான் இந்த ஊரில் செய்துவருகிறேன். தூத்துக்குடியில் சாமியார்களிடம் படித்தவன் என்பதால் கிறிஸ்தவர்களைப் பற்றி எது கேட்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கொழும்பிலிருந்து நான் லீவில் வந்துபோன காலத்திலிருந்தே அப்படி. மாலையில் அசர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். பூசை என்றால் என்ன, கன்னியாஸ்திரி ஏன் கலியாணம் பண்ணுவதில்லை, சப்பரத்தில் வருவது யார், எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். இவ்விஷயத்தில் இந்த ஊரில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. கிடையாது என்று இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் வாலிபர் சங்கத்துப் பையன்கள் வந்தார்கள். கிறிஸ்தவ மார்க்கத்தைப் பற்றிச் சங்கத்தில் ஒரு தொடர் பேச்சு ஏற்பாடு செய்யப்போகிறார்களாம். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் கேட்டது உன் விலாசத்தை.

மோதினார் செய்த வேலை. சைக்கிள் கடை நிழலில் நீ சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அந்தச் சார் நின்ன நிலையில வெளங்கவச்சாஹ. நீங்களும் எத்தனையோ வருசமாச் சொல்றியோ, எனக்கு ஒண்ணும் பிடிபடல." தான் சார்ந்திருக்கிற மார்க்கத்தைப் பற்றி ஒருவன் விளக்கமாகச் சொன்னால் அதில் என்ன திறமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கு அது சின்ன வயசிலிருந்தே தெரியுமே. வெளியில் இருந்து பார்த்துச் சொல்வதில்தான் உழைப்பு இருக்கிறது. இதை நான் சொன்னால் உனக்கு நன்றாகப் புரியும். உலகத்திலேயே இது புரிகிற ஆள் நீ ஒருவன்தான்.

பையன்கள் வந்துபோன அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். கீழவைப்பாரில் ஹில்டா கடிதத்தை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்திருப்பாய். லாரி டிரைவர் உன்னிடம் என் வகுப்பைப் புகழ்ந்ததை நீ எழுதியபோது நான் இங்கே சிரித்தேன். மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். அது தவறு. லாரி டிரைவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் யோசித்துத்தான் கொடுத்தேன், மறைப்பானேன். ஜூன் 7, வெள்ளிக்கிழமை, அசருக்குப் பிறகு சங்கக் கட்டிடத்தில் முதல் பேச்சு. அவசியம் வா. கூட்டம் நிறைய இருக்கும் என்கிறார்கள். நான் பேசினால் பத்துப் பேர்தான் வருவார்கள், ஆனால் அவர்கள் எல்லாரும் கடைசிவரை இருப்பார்கள்.

சிலுவை அடையாளத்தைப் பற்றிப் பேசு. பூசையைப் பற்றிப் பேசு. கறி சாப்பிடாத வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கட்டாயம் பேசு, என் மனைவி அடுத்த அறையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கேட்கப்போகிறாள். போப்பாண்டவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை மட்டும் தொடாதே. இந்த ஊரில் அதை இருபது வருஷமாக நான் சொல்லிவருகிறேன். ஜனங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நீ உள்ளபடி சொல்லி அதைக் கெடுத்துவிடாதே.

மொகுதூம்